வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்ட லூயி பாஸ்டர்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தாத வீடு நம் நாட்டில் ஒரு காலத்தில் அபூர்வம். அந்த ஊசி மருந்து நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் தயாராயிற்று. 1907-ம் ஆண்டில் அங்கே ஸ்தாபிக்கப்பட்ட நிலையத்துக்குப் பாஸ்டர் நிலையம் என்று பெயர். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்து இப்போது கைவிடப்பட்டுப் போயிற்று. புஜத்தில் போடும் நாலைந்து ஊசியோடு காரியம் முடிகிறது. நிலையத்தின் பெயரிலே மட்டும் பாஸ்டர் என்பது நீங்கவில்லை. குன்னூரை ஒரு நாளும் கண்ணால் காணாதவரும், வைத்தியம் படித்துப் பட்டம் பெறாதவருமான ஒரு பிரெஞ்சுக்காரர் அவர். அவருடைய சரித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்லுகிறோம்.

பிரெஞ்சு தேசத்தில் ஜூரா மலைநாட்டைச் சேர்ந்த டோல் என்னும் ஊரில், 1822-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 27-ம் தேதி லூயி பாஸ்டர் பிறந்தார். தகப்பனார் நெப்போலியனுடைய பட்டாளத்தில் சார்ஜெண்டாக இருந்து விருது பெற்றவர். பட்டாளம் கலைந்தபின் தோல் பதனிட்டுச் சீவனம் செய்தவர். பிள்ளை சிறுவனாயிருக்கும்போதே குடும்பம் ஆர்புவா என்னும் சிற்றூருக்குக் குடிபோயிற்று. வீட்டுக்குப் பின்னால் தோல் ஊறும் தொட்டிகள், பக்கத்தில் ஓடும் ஆறு, பட்டாளத்துக் கதை சொல்லும் தகப்பன், கண்டிப்பும் அன்பும் நிறைந்த தாய்: இதுதான் அவர் வளர்ந்த இடம்.

பள்ளியில் அவர் பெரிய கெட்டிக்காரர் என்று பெயர் எடுக்கவில்லை. அவருக்கு வந்தது சித்திரம். தாயையும் தகப்பனையும் ஊர்ப் பெரியவர்களையும் வர்ணச் சுண்ணத்தால் அவர் எழுதிய படங்கள் இன்றும் இருக்கின்றன. பார்த்தவர்கள் அவர் ஓவியராகவே பிழைத்திருக்கலாம் என்கிறார்கள். 1838-ல் மேற்படிப்புக்காகப் பாரிசுக்கு அனுப்பினார்கள். வீட்டு ஏக்கம் தாங்காமல் சில வாரங்களில் தகப்பனாரே போய் அழைத்து வரவேண்டியதாயிற்று. 1842-ல் விஞ்ஞானப் பரீட்சை தேறியபோது இரசாயனத்தில் அவருக்குக் கிடைத்த மதிப்பு சாமானியம் என்பதுதான். நம் பிள்ளைகளின் மார்க்குச் சீட்டைப் பார்த்து விசனப்படுகிற பெற்றோர் இதைக் கவனிக்கட்டும்! மறு ஆண்டு பாரிசில் எக்கோல் நொர்மால் என்னும் பேர்பெற்ற ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு எதிர்ப்பட்ட புதிர் ஒன்று. திராட்சரச பீப்பாய்களில் படியும் உப்பிலிருந்து டார்டாரிக் அமிலம் என்று ஒன்று எடுப்பார்கள். அதன் கரைசல் வழியாக ஒருவகை ஒளியைச் செலுத்தினால் ஒளி ஒரு பக்கமாகத் திரும்பும். ஆனால் இரசாயனத்தில் அதற்கு முற்றும் ஒப்பான வேறொரு அமிலம் ஒளியைத் திருப்பாது. காரணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. 1848-ல் பாஸ்டர் அந்த இரண்டாவது அமிலத்தின் உப்புப் படிகங்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பொறுமையாகப் பார்த்தார். படிகங்கள் இரண்டு ஜாதி! வலதுகைச் செருப்பும் இடதுகால் செருப்பும் என்று சொல்லமாட்டோம்; வலதுகையும் இடதுகையும் போல, ஒன்று மற்றொன்றின் கண்ணாடி நிழலாக இருந்தன. சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாகப் பிரித்துக் கரைத்தார். ஒரு கரைசல் ஒளியை வலப்புறம் திருப்பிற்று, மற்றது இடப்புறம். இரண்டும் கலந்திருந்தபோது ஒன்றை ஒன்று அடித்துப் போட்டிருக்கிறது. பியோ என்னும் 74 வயதுப் பெரிய விஞ்ஞானி இதை நம்பவில்லை. தன் சாமான்களைக் கொடுத்துத் தன் கண்ணெதிரே செய்து காட்டச் சொன்னார். செய்து காட்டினார். அன்றுமுதல் கிழவர் அவருக்கு இரண்டாம் தகப்பன் போல் ஆனார். பாஸ்டருக்கு அப்போது வயது 25. இன்று மருந்து செய்கிறவர்கள் ஒரே மருந்தின் வலது உருவம் எது, இடது உருவம் எது என்று பிரித்துப் பார்ப்பதற்கு மூலம் அந்த இடுக்கி வேலைதான்.

1849-ல் ஸ்ட்ராஸ்பூர் சர்வகலாசாலையில் வேலையேற்றார். அதன் தலைவருடைய மகள் மரி லொரானை மே மாதம் 29-ம் தேதி மணம் செய்தார். இந்த அம்மாளைப் பற்றிப் புத்தகங்கள் அதிகம் சொல்லுவதில்லை. ஆனால் 46 ஆண்டுகள் கணவன் சொல்லச் சொல்ல எழுதியவள் அவள். பரிசோதனைக் குறிப்புகளைப் படியெடுத்தவள் அவள். பட்டுப்புழு வளர்த்தவளும் அவளே. ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களில் மூவரைச் சிறு வயதிலேயே அடக்கம் செய்யவேண்டி வந்தது. மூத்தவள் ஜான் 1859-ல் டைபாயிடு காய்ச்சலால் 9 வயதில் இறந்தாள். 1865-ல் இரண்டு வயதுக் குழந்தை கமீல். 1866-ல் 12 வயது செசீல், அவளும் டைபாயிடினால். நோய்க் கிருமியைப் பற்றிப் பாஸ்டர் பேசும்போதெல்லாம் இந்த மூன்று சிறு கல்லறைகளும் அவர் மனதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறோம்.

1854-ல் லீல் பட்டணத்தில் புதிதாகத் தோன்றிய விஞ்ஞானக் கல்லூரிக்குத் தலைவரானார். தொழில் நகரம் அது. மாணவரைப் பாடப் புத்தகத்தோடு விட்டுவிடாமல், கையால் பரிசோதனை செய்யவும், ஆலைகளுக்குப் போய்ப் பார்க்கவும் பழக்கினார். பீட்ரூட்டிலிருந்து சாராயம் வடிக்கும் முதலாளி ஒருவர், சரக்கு புளித்துக் கெட்டுப்போகிறதென்று முறையிட்டு வந்தார். புரைத்த திரவத்தைப் பாஸ்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நல்ல பீப்பாயில் உருண்டை உருண்டையான ஈஸ்டு. கெட்ட பீப்பாயில் கோல் போன்ற வேறு சிறு ஜீவன்கள். அக்காலத்துப் பெரிய இரசாயன பண்டிதர்கள் புளிப்பது வெறும் இரசாயனச் சிதைவு என்றார்கள். பாஸ்டரோ அது உயிருள்ளவைகளின் வேலை, ஒவ்வொரு புளிப்புக்கும் அதற்குரிய கிருமி உண்டு என்றார். தோசைமாவு புளிப்பதும் பால் தயிராவதும் இதே வேலைதான். திராட்சரசத்தைக் கொதிக்கவிடாமல் மிதமாகச் சூடுபண்ணிக் கெட்ட கிருமியைக் கொல்லும் முறையை 1865-ல் பதிவு செய்தார். பிற்காலத்தில் மற்றவர்கள் அதைப் பாலுக்குப் பிரயோகித்தார்கள். பால் பையின்மேல் பாஸ்டரைஸ் செய்தது என்று அச்சடித்திருப்பது இவர் பெயரே.

இதற்கிடையில், 1857-ல், தாம் படித்த எக்கோல் நொர்மாலுக்கே நிர்வாகியாக வந்தார். உள்ளதைச் சொல்லவேண்டும்: அவர் நல்ல நிர்வாகி அல்ல. மாணவர் சாப்பிட மறுத்த ஆட்டுக்கறிக் குழம்பை ஒவ்வொரு திங்கட்கிழமையும் போட்டுச் சாப்பிட்டே தீரவேண்டும் என்று கட்டளையிட்டவர் அவர். கடைசியில் 1867-ல் மாணவர் கலகம் மூண்டு அந்த உத்தியோகத்தை விட்டார். ஆனால் கல்லூரிக்கு அவர் விட்டுப்போனவை சிறிதல்ல. வகுப்பில் பாடம் சொல்லுவதோடு ஆசிரியர் வேலை தீர்ந்துவிடாது, ஆராய்ச்சியும் கூட நடக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். விஞ்ஞானத்துக்கென்று ஒரு பத்திரிகையை 1864-ல் அக்கல்லூரியில் தொடங்கினார். தமக்குச் சர்க்கார் இடம் கொடாதபோது கட்டடத்தின் பரண் அறையில் சொந்தமாகப் பரிசோதனைச் சாலை அமைத்துக்கொண்டார்.

அந்தப் பரணில் நடந்ததுதான் பிரசித்திபெற்ற வாதம். அழுகிய பொருளில் கிருமிகள் தாமாகவே உண்டாகின்றன என்று ரூவான் பட்டணத்துப் பூஷே என்பவர் சாதித்தார். பாஸ்டர், கண்ணாடிக் குடுவையின் கழுத்தை அன்னத்தின் கழுத்தைப்போல் நீட்டி வளைத்து, உள்ளே சத்துநீரைக் கொதிக்கவைத்து வைத்தார். காற்று தடையின்றிப் போய்வந்தது; தூசி மட்டும் வளைவிலே தங்கிற்று. நீர் கெடவில்லை. கழுத்தை ஒடித்ததும் சில நாளில் கெட்டது. 1860-ல் மலை ஏறிச் சோதித்தார். ஜூரா அடிவாரத்தில் திறந்த 20 குடுவைகளில் 8 கெட்டன. 850 மீட்டர் உயரத்தில் 5. ஆல்ப்ஸ் பனிப்பாறைமேல் ஒன்றே ஒன்று. 1864 ஏப்ரல் 7-ம் தேதி சொர்போனில் பெருங்கூட்டத்தின்முன் இதை விளக்கினார். வேத விசுவாசிகள் பலர் இதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். அது அவசரம். பூஷேயின் வைக்கோல் கஷாயம் கொதித்த பிறகும் கெட்டதென்பது மெய்யே; கொதிநீரிலும் சாகாத வித்துக்கள் சில கிருமிகளுக்கு உண்டென்று 1876-ஐ அடுத்துத்தான் வேறு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். பாஸ்டர் முடிவு சரி. ஆனால் எதிராளி மூடனும் அல்ல, பொய்யனும் அல்ல.

1865-ல் தெற்குப் பிரான்சில் பட்டுப்புழுக்கள் கொள்ளைநோயால் மாண்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டினி கிடந்தன. அவருடைய பழைய ஆசிரியர் ட்யூமாவின் சொந்த ஜில்லா அது. போய்ப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். பாஸ்டர் அதுவரை பட்டுப்புழுவைத் தொட்டதுகூட இல்லை. பூச்சி ஆராய்ச்சிக்காரரான பாப்ர் என்பவர் வீட்டுக்குப் போய், ஒரு பட்டுக்கூட்டைக் காதருகே ஆட்டி, உள்ளே என்னவோ இருக்கிறதே என்று அதிசயித்தாராம்! அப்படிப்பட்டவர் ஐந்து ஆண்டுகள் அலேஸ் பக்கத்தில் பருவந்தோறும் தங்கி, நோய் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். பெப்ரின் என்னும் நோய்க்கு வழியும் சொன்னார். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்; நோய்ப் பொட்டு தெரிந்தால் அதன் முட்டைகளை எரித்துவிட வேண்டும். வேறொன்றுமில்லை. நம் நாட்டில் பட்டுப்புழு முட்டை உற்பத்தி செய்யும் நிலையங்களில் தாய்ப்பூச்சியைச் சோதிப்பது இன்றும் இவ்விதமே.

இந்த வேலையின் நடுவில்தான் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். 1868 அக்டோபர் 19-ம் தேதி அவருக்கே பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது. வயது 45. பிழைப்பாரென்று எண்ணியவர் சிலரே. ஒரு வாரத்திற்குள் படுக்கையிலிருந்தே பட்டுப்புழுவைப் பற்றிய குறிப்பொன்றைச் சொல்லி எழுதுவித்தார். இடது கையும் காலும் சாகிறவரைக்கும் செவ்வையாகவில்லை. அவர் பெரும் காரியங்களில் பல இதற்குப் பிற்பாடு செய்தவை.

ஸ்காட்லாந்தில் லிஸ்டர் என்னும் அறுவை வைத்தியர் பாஸ்டருடைய எழுத்தைப் படித்து, காயம் சீழ்பிடிப்பதும் கிருமியால்தான் என்று தெளிந்து, கார்பாலிக் அமிலத்தால் காயத்தைச் சுத்தி செய்யலானார். பாரிஸ் வைத்தியரோ லேசில் கேட்கவில்லை. கையைக் கழுவுங்கள், ஆயுதங்களை நெருப்பில் வாட்டுங்கள் என்று வைத்தியப் பட்டமில்லாத ஒருவர் வந்து சொல்லுவதா? 1879-ல் பிரசவக் காய்ச்சலைப் பற்றி ஒரு வைத்தியர் சபையில் நீளமாய்ப் பேசிக்கொண்டிருக்க, பாஸ்டர் எழுந்து நொண்டிக்கொண்டே கரும்பலகைக்குப் போய், தாய்மாரைக் கொல்லும் கிருமி இதுவே என்று மணிக்கோவை போல் வரைந்து காட்டினார்.

இனி அடைப்பான் நோய். 1881 மே 5-ம் தேதி, பூயி லெ போர் என்னும் பண்ணையில், ஜனங்கள் கூடியிருக்க, 24 செம்மறியாடுகளுக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் 6 மாடுகளுக்கும் தடுப்பூசி போட்டார்கள். 17-ம் தேதி மறுபடியும். அதே அளவு ஆடுகளும் 4 மாடுகளும் ஊசியின்றி விடப்பட்டன. மே 31-ல் எல்லாவற்றுக்கும் கொடிய கிருமியைக் குத்தினார்கள். ஜூன் 2-ம் தேதி ஜனங்கள் வந்து பார்த்தபோது ஊசி போட்ட ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. போடாத ஆடுகளில் பெரும்பாலானவை செத்துக் கிடந்தன, மீதியும் அன்றைக்கே செத்தன. தேசமெங்கும் ஒரே கொண்டாட்டம்.

இங்கேதான் ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்லவேண்டியிருக்கிறது. பாஸ்டர் தம் குறிப்புப் புத்தகங்களை எவருக்கும் காட்டவேண்டாமென்று குடும்பத்தாரிடம் சொல்லி வைத்திருந்தார். சுமார் 100 புத்தகங்கள். பேரன் 1964-ல் அவைகளைப் பாரிஸ் தேசியப் புத்தகசாலைக்குக் கொடுத்தார். பின்பு அறிஞர்கள் வாசித்தார்கள். கிருமியைக் காற்றில் வைத்துப் பலவீனப்படுத்தும் தம் சொந்த முறையால் அந்த மருந்து செய்ததாக உலகம் எண்ணும்படி பாஸ்டர் விட்டிருந்தார். புத்தகத்திலோ, அன்று உபயோகித்தது அவர் சீஷர் ஷாம்பெர்லான் பொட்டாசியம் டைக்குரோமேட் என்னும் மருந்துப்பொருளால் செய்தது என்று எழுதியிருக்கிறது. மருந்துப்பொருளால் அடைப்பான் கிருமியை அடக்கலாமென்று 1880-லேயே காட்டியவர் தூலூஸ் பட்டணத்துக் கால்நடை வைத்தியர் தூசென். அவருக்குச் சேரவேண்டிய புகழ் சேரவில்லை. வியாதியாய் விழுந்து 1890-ல் 43 வயதில் இறந்துபோனார். பாஸ்டர் செய்தது உண்மைக்கு விரோதமான குற்றம் என்பதே நம் எண்ணம். பெரிய மனிதர் என்பதற்காக அதற்கு வேறு பெயர் வைக்கக்கூடாது.

வெறிநாய்க்கடிக்கு வருவோம். இந்நோயின் கிருமி மைக்ராஸ்கோப்பில் அகப்படவில்லை. அப்படியிருந்தும் முயலிலிருந்து முயலுக்கு மாற்றி, செத்த முயலின் முதுகுத்தண்டு நரம்பை ஈரமில்லாத குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தினார். நாள் ஆக ஆக அதன் விஷம் குறைந்தது. 14 நாளில் ஏறக்குறைய தீர்ந்தது. 1885 ஜூலை 4-ம் தேதி, அல்சாஸ் நாட்டில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஜோசப் மீஸ்டர் என்னும் 9 வயதுப் பையனை வெறிநாய் கடித்தது. கையிலும் காலிலும் தொடையிலும் 14 கடி. 6-ம் தேதி தாய் அவனை இழுத்துக்கொண்டு பாரிசுக்கு வந்துவிட்டாள்.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும். வெறிநாய் கடித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நோய்க்குறி கண்டால்தான் மரணம் நிச்சயம். ஆகவே அந்தப் பையன் ஊசியின்றியே பிழைத்திருக்கவும் கூடும். பாஸ்டர் போடப்போகிற ஊசிகளில் கடைசியானது ஒரு நாள் மட்டும் உலர்ந்த, விஷம் குறையாத நரம்பு. அதுவே அவனைக் கொன்றால்? நாய்களில் இதே முறைப்படி தொடங்கியிருந்த சோதனை இன்னும் முடிவு பெறவில்லை என்று குறிப்புப் புத்தகம் காட்டுகிறது. அதற்கு முந்தின இரண்டு மாதங்களில் நோய்க்குறியோடு வந்த இருவருக்கு ஊசி போட்டுப் பார்த்ததும், அவர்களில் 11 வயதுச் சிறுமி இறந்ததும் வெளியில் சொல்லப்படவில்லை. நெருங்கிய சீஷர் ரூ இந்த வைத்தியத்தில் பங்குபெற மறுத்தார். வுல்பியான், கிராஞ்சே என்ற இரண்டு வைத்தியர்கள் பையனைப் பார்த்து, போடலாம் என்றார்கள். அன்று இரவே கிராஞ்சே முதல் ஊசி போட்டார். பட்டமில்லாத பாஸ்டர் பக்கத்தில் நின்றார். 16-ம் தேதிவரை 13 ஊசி. ஊசியின் வேகம் ஏற ஏற அவருக்குத் தூக்கம் போயிற்று. பையன் பிழைத்தான்.

அவர் துணிந்தது சரியா, தவறா? காயங்களின் எண்ணிக்கையையும் ஆழத்தையும் பார்த்தால், ஒன்றும் செய்யாமல் தாயைத் திருப்பி அனுப்புவது சுலபமான வழியே தவிர, நல்ல வழி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் நிச்சயமில்லாததை நிச்சயம்போல் உலகத்துக்குச் சொன்னது வேறு விஷயம். இன்று மனிதனுக்குப் புது மருந்து கொடுக்குமுன் கண்டிப்பான விதிகள் உண்டென்றால் அது நியாயமே.

அக்டோபரில் ஜூப்பீல் என்னும் 15 வயது மேய்ப்பன் வந்தான். சிறு பிள்ளைகளைக் காக்க வெறிநாயோடு கட்டிப்புரண்டவன். பிழைத்தான். நவம்பரில் ஒரு சிறுமியைக் கடிபட்டு 37 நாள் கழித்துக் கொண்டுவந்தார்கள். காலம் கடந்துவிட்டது, இறந்தால் பகைவர்கள் பழிப்பார்கள் என்று தெரிந்தும், பெற்றோரின் கண்ணீரைக் கண்டு ஏற்றுக்கொண்டார். அவள் இறந்தாள். பாஸ்டர் வெளிப்படையாக அழுதார். 1886 மார்ச்சில் ருஷியாவின் ஸ்மோலென்ஸ்க் பகுதியிலிருந்து வெறிபிடித்த ஓநாய் கடித்த 19 பேர் வந்தார்கள். 16 பேர் உயிரோடு ஊர் திரும்பினார்கள். (நாய் கடித்தால் இன்றும் முதல் வேலை, காயத்தைச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவுவது, உடனே ஆஸ்பத்திரி. மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் அப்பிக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது.)

ஏழை பணக்காரர் எல்லோரும் கொடுத்த காணிக்கையால் 1888 நவம்பர் 14-ம் தேதி பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. கடிபட்டவர்களுக்கு வைத்தியம், கிருமி ஆராய்ச்சி, கற்பித்தல் மூன்றும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. திறப்பு நாளில் உணர்ச்சி மிகுந்து அவரால் பேச முடியவில்லை. எழுதியதை மகன் வாசித்தார். மறுத்து நின்ற ரூ அங்கே 1889 முதல் வகுப்பு நடத்தினார். பல தேசத்து வைத்தியர்கள் வந்து கற்றுப்போனார்கள். 1894-ல் கொள்ளைநோய்க் கிருமியை ஹாங்காங்கில் கண்டறிந்த யெர்சேனும் இந்த நிலையத்து வளர்ப்பே.

அவருடைய வேதபக்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரயிலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த கிழவரை ஒரு மாணவன் பரிகசித்தான், கடைசியில் அவர்தான் பாஸ்டர் என்று தெரிந்தது என ஒரு கதை பங்குப் பத்திரிகைகளில் வெகுகாலமாக உலாவுகிறது. அதற்கு ஆதாரம் யாரும் காட்டியதில்லை. மனைவியும் மகளும் தவறாமல் பூசை காண்பவர்கள். அவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் 1882-ல் பிரெஞ்சு அகாடமியில், கண்ணுக்குத் தெரிவது மட்டுமே மெய் என்ற கொள்கைக்காரர் ஒருவருடைய ஸ்தானத்தை ஏற்கும்போது, அந்த மனிதருடைய நற்குணத்தைப் புகழ்ந்து, அளவில்லாத ஒன்றைப் பற்றிய எண்ணம் மனிதனை விட்டு நீங்காது என்று அந்தச் சபையிலேயே வாதித்தார்.

1892 டிசம்பரில் அவருடைய 70-வது பிறந்தநாளைச் சொர்போனில் கொண்டாடினார்கள். லிஸ்டர் நேரில் வந்து கட்டித் தழுவினார். அதன்பின் உடல் தளர்ந்தது. 1895 செப்டம்பர் 28-ம் தேதி, பாரிசுக்கு அடுத்த வில்நோவ் லெத்தானில், கடைசித் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்றவராய், ஒரு கையில் பாடுபட்ட சுரூபத்தையும் மறு கையில் மனைவியின் கையையும் பிடித்தபடி மரித்தார். நோத்ர்தாம் பேராலயத்தில் இராஜ மரியாதையோடு அடக்கச் சடங்கு நடந்தது. 1896 ஜனவரியில் அவர் சரீரத்தை நிலையத்தின் அடித்தளத்திலுள்ள சிறு கல்லறைக் கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். அதன் மேற்கூரையில் வர்ணக்கல் பதித்த நாலு சம்மனசுகள்: விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம், நாலாவது சம்மனசு விஞ்ஞானம். சுவர்களில் ஆடுகளும் கோழிகளும் முயல்களும் பட்டுப்புழு தின்னும் முசுக்கட்டை இலைகளும் உண்டு. கடிபட்டு வந்த மீஸ்டர் பெரியவனாகி அந்த நிலையத்துக்கே காவற்காரனாக இருந்தான். மரி அம்மாள் 1910-ல் இறந்தபோது, அவளையும் அதே இடத்தில் கணவனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.